ரேடியோ அதிர்வெண் சிக்னல்கள்: டெசிபெல் கணக்கு முதல் வேலை செய்யும் இணைப்பு வரை, முழுமையான வழிகாட்டி

ரேடியோ இணைப்பு எட்டவில்லை என்றதும் பலர் முதலில் தேடுவது அதிகச் சக்தி கொண்ட டிரான்ஸ்மிட்டரைத்தான். பெரும்பாலும் அது வீண். சக்தியை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். தப்பான நீளத்தில் வெட்டிய ஆண்டெனாவோ, மெல்லிய நீளக் கேபிளோ, இரைச்சல் கக்கும் பவர் சப்ளையோ தனியாகவே 10 டெசிபெல்லைத் தின்றுவிடும். ரேடியோ வேலை என்பது அடிப்படையில் ஒரு வரவு செலவுக் கணக்கு. எவ்வளவு அனுப்பினோம், வழியில் எங்கெல்லாம் கரைந்தது, கடைசியில் மிஞ்சியது இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். முதலில் அந்தக் கணக்கு. அதன் பிறகு ஆண்டெனா வெட்டுவது, சிக்னலைத் திரையில் பார்ப்பது, ஒரு தரவு இணைப்பை நிறுவிச் சோதிப்பது.

எந்தப் பட்டையில், எவ்வளவு சக்தியில், எத்தனை விழுக்காடு நேரம் உரிமம் இல்லாமல் அனுப்பலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் சில அலைவரிசைகளைக் கேட்பதற்கே தடை உண்டு. உங்கள் நாட்டின் விதியைப் படித்துவிட்டு டிரான்ஸ்மிட்டரைத் தொடுங்கள்.

அதிர்வெண்ணும் அலைநீளமும்

3 கிலோஹெர்ட்ஸ் முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள மின்காந்த அலைகளை ரேடியோ அதிர்வெண் என்கிறோம். அலைநீளம் காணச் சுலபமான வழி: 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் விடை வரும். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் நிலையத்துக்கு 3 மீட்டர், 433.92 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டுக்கு 69 சென்டிமீட்டர். 2400 மெகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 12.5 சென்டிமீட்டர். ஆண்டெனாவின் அளவு, எவ்வளவு பெரிய தடையைச் சுற்றி அலை வளையும், கேபிளில் எவ்வளவு இழப்பு என்று பின்னால் வரும் பல விஷயங்கள் இந்த ஒரு எண்ணைச் சார்ந்தவை.

பயன்பாடும் அப்படியே பிரிகிறது. மத்திய அலை வானொலி தரையை ஒட்டிப் பயணிக்கும். இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவு போகும். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலை அந்தத் திருப்பத்தை நம்பியே கண்டம் தாண்டுகிறது. 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் என்எஃப்சி அட்டைகளின் (தொடாமல் அருகில் காட்டினால் படிக்கப்படும் அட்டைகள்) அலைநீளம் 22 மீட்டர். சில சென்டிமீட்டர் தொலைவில் அங்கே நடப்பது அலைப் பரவலே அல்ல, இரண்டு சுருள்களுக்கு இடையிலான காந்தப் பிணைப்பு. அதனால்தான் அட்டையை ஒட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சாட்டிலைட் டிவி 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸில் வருகிறது. அந்த அதிர்வெண்ணில் கேபிளில் இறக்கினால் பாதி வழியிலேயே செத்துவிடும் என்பதால், டிஷ்ஷின் முனையிலுள்ள எல்என்பி அதை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழிறக்கி அனுப்புகிறது. கார்களின் ராடார் 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸில்.

டெசிபெல்லில் யோசிக்கப் பழகுங்கள்

அனுப்பும் சக்திக்கும் பெறும் சக்திக்கும் இடையே பல கோடி மடங்கு வித்தியாசம் இருக்கும். அதைப் பெருக்கி வகுத்துக்கொண்டிருக்க முடியாது. டெசிபெல்லில் கூட்டிக் கழித்தால் முடிந்தது. இரண்டை மனப்பாடம் செய்தால் மற்றவை தானாக வரும்: 3 டெசிபெல் என்றால் 2 மடங்கு, 10 டெசிபெல் என்றால் 10 மடங்கு.

டெசிபெல் வெறும் விகிதம். அதை உண்மையான சக்தியாக்க ஓர் ஆதாரம் தேவை. 1 மில்லிவாட்டை ஆதாரமாக வைத்தால் கிடைப்பது டிபிஎம். 0 டிபிஎம் 1 மில்லிவாட், 10 டிபிஎம் 10 மில்லிவாட், 20 டிபிஎம் 100 மில்லிவாட், 30 டிபிஎம் 1 வாட். கீழ்ப்பக்கம் −30 டிபிஎம் என்றால் 1 மைக்ரோவாட்; அது ரேடியோ உலகில் மிக வலுவான சிக்னல். −100 டிபிஎம்மில் வருவதைக்கூட நல்ல ரிசீவர் படித்துவிடும். ஆண்டெனாவின் ஈட்டத்தை டிபிஐ என்பார்கள்: எல்லாத் திசையிலும் சமமாக வீசும் ஒரு கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்ட அளவு. அரை அலை டைபோல் 2.15 டிபிஐ. ஆண்டெனா புதிதாகச் சக்தியை உண்டாக்காது. ஒரு திசையில் எடுத்து இன்னொரு திசையில் கொடுக்கும், அவ்வளவுதான்.

வழியில் என்ன கரைகிறது

தடையற்ற வெளியில் இழப்பு இப்படி: 32.44 + 20 × லாக்(மெகாஹெர்ட்ஸ்) + 20 × லாக்(கிலோமீட்டர்). 433 மெகாஹெர்ட்ஸில் 1 கிலோமீட்டருக்கு 85 டெசிபெல். 2400-இல் 100 டெசிபெல். தொலைவு இரட்டித்தால் 6 டெசிபெல் கூடும்.

இந்த 15 டெசிபெல் வித்தியாசத்தைப் பார்த்து, உயர் அதிர்வெண்ணைக் காற்று உறிஞ்சிவிடுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் காற்றின் உறிஞ்சல் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. உண்மைக் காரணம், அலைநீளம் குறையும்போது அதே வகை ஆண்டெனாவும் சிறுத்துப்போகிறது. சிறிய ஆண்டெனா காற்றிலிருந்து அள்ளும் பரப்பும் சிறிது. காற்று உறிஞ்சுவது என்றால் 60 கிகாஹெர்ட்ஸைச் சொல்லலாம்: அங்கே ஆக்சிஜன் கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் எடுத்துக்கொள்கிறது.

இனி ஒரு முழுக் கணக்கு. 433 மெகாஹெர்ட்ஸ், 10 டிபிஎம் டிரான்ஸ்மிட்டர், இரு முனையிலும் 1 டெசிபெல் கேபிள் இழப்பு, 2 டிபிஐ ஆண்டெனாக்கள், 1 கிலோமீட்டர்:

10 − 1 + 2 − 85 + 2 − 1 = −73 டிபிஎம்.

ரிசீவரின் உணர்திறன், அதாவது அது படிக்கக்கூடிய மிகப் பலவீனமான சிக்னல், −104 டிபிஎம் என்றால் 31 டெசிபெல் கையிருப்பு. காகிதத்தில் பிரமாதம். களத்தில் இதே இணைப்பு அந்த 1 கிலோமீட்டரில் திணறும். ஏன்?

தரை. நேராக வரும் அலையும் தரையில் பட்டு எழும் அலையும் ரிசீவரில் ஒன்றையொன்று அழிக்கின்றன. இரு ஆண்டெனாக்களும் 1.5 மீட்டர் உயரத்தில் கையில் இருந்தால், சில பத்து மீட்டருக்கு அப்பால் தொலைவு இரட்டிக்கும்போது 6 அல்ல, 12 டெசிபெல் போகும். அங்கே பொருந்தும் சூத்திரம்: 40 × லாக்(மீட்டரில் தொலைவு) − 20 × லாக்(இரு உயரங்களின் பெருக்கல்). 1000 மீட்டருக்கும் 1.5 மீட்டர் உயரங்களுக்கும் போட்டுப் பாருங்கள்: 113 டெசிபெல். மேலே போட்ட 85-ஐவிட 28 டெசிபெல் அதிகம். கையிருப்பு 31-இலிருந்து 3-க்கு வந்துவிட்டது. நடுவில் ஒரு மரக்கூட்டமோ இரண்டு வீடுகளோ வந்தால் கணக்கு கடனில் முடியும்.

ஒரு பக்க ஆண்டெனாவை மட்டும் 1.5-இலிருந்து 6 மீட்டருக்கு ஏற்றினால் 12 டெசிபெல் திரும்பக் கிடைக்கும். அதையே சக்தியால் ஈடுகட்ட 16 மடங்கு வேண்டும், 10 மில்லிவாட்டுக்குப் பதில் 160. ஒரு கம்பத்துக்கு இதைவிட நல்ல சிபாரிசு கிடையாது.

பார்வைக் கோடு தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. அலை ஒரு மெல்லிய கோடாகப் போவதில்லை. நடுவில் பருத்த ஃப்ரெனல் மண்டலம் வழியாகப் போகிறது. 1 கிலோமீட்டர் பாதையின் நடுவில் அதன் ஆரம் 2.4 கிகாஹெர்ட்ஸில் 5.6 மீட்டர், 433 மெகாஹெர்ட்ஸில் 13 மீட்டர். இதில் குறைந்தது 60 விழுக்காடு தடையின்றி இருக்க வேண்டும். கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தும் சிக்னல் மோசம் என்றால் முதல் சந்தேகம் இங்கே.

இரைச்சல்: கணக்கின் மறுபக்கம்

அறை வெப்பநிலையில் ஒரு ஹெர்ட்ஸ் பட்டையகலத்துக்கு −174 டிபிஎம் வெப்ப இரைச்சல் உண்டு. அதை எந்த மின்சுற்றாலும் தவிர்க்க முடியாது. பட்டையகலம் கூடினால் இரைச்சலும் கூடும்: 125 கிலோஹெர்ட்ஸுக்கு −123, 20 மெகாஹெர்ட்ஸ் வைஃபை சேனலுக்கு −101. ரிசீவரின் சொந்த இரைச்சல் என்று ஒரு 6 டெசிபெல்லை இதன்மேல் கூட்டிக்கொள்ளுங்கள். மெதுவாக அனுப்பினால் தூரம் போகும் என்பதற்குக் காரணம் இதுதான்: வேகம் குறைந்தால் குறுகிய பட்டை போதும், குறுகிய பட்டையில் இரைச்சல் குறைவு.

இன்னொரு வழி, சிக்னலை வேண்டுமென்றே அகலமாகப் பரப்பி, தெரிந்த குறியீட்டால் ரிசீவரில் திரட்டுவது. ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் தரையை எட்டும்போது சுமார் −130 டிபிஎம். சாதாரண ஸ்பெக்ட்ரம் திரையில் அது தெரியவே தெரியாது, இரைச்சலுக்கு அடியில் கிடக்கும். குறைந்த சக்தியில் நெடுந்தொலைவு தரவு அனுப்பும் லோரா முறையும் இதே வகை. மிக மெதுவான அமைப்பில் இரைச்சலைவிட 20 டெசிபெல் கீழே உள்ளதையும் படித்துவிடும்.

தகவலை ஏற்றுவது

வெறும் ஊர்தி அலையில் தகவல் இல்லை. அதன் வீச்சு, அதிர்வெண், கட்டம் இவற்றில் ஒன்றை மாற்றினால்தான் செய்தி ஏறும். விலை குறைந்த ரிமோட்டுகள் ஊர்தியை விட்டு விட்டு எரியவிடும் முறையில் இயங்குகின்றன. அதிர்வெண்ணை இரு மதிப்புகளுக்கு இடையே தாவவிடுவது எஃப்எஸ்கே. வீச்சில் குறுக்கிடும் இரைச்சலுக்கு அது அவ்வளவாக மசியாது. வைஃபை கட்டத்தையும் வீச்சையும் சேர்த்து மாற்றி ஒரே துடிப்பில் பல பிட்டுகளை ஏற்றுகிறது. அதற்கு விலை உண்டு: 256 நிலைகள் வேண்டுமென்றால் சிக்னல் இரைச்சலைவிடச் சுமார் 30 டெசிபெல் மேலே நிற்க வேண்டும். அறை தாண்டினால் வேகம் விழுவது இதனால்தான்.

எஃப்எம் வானொலியில் ஊர்தியின் அதிர்வெண் இருபுறமும் நகரும் அளவான விலகல் 75 கிலோஹெர்ட்ஸ், ஒலி 15 கிலோஹெர்ட்ஸ் வரை; கார்சன் விதிப்படி ஒற்றை ஒலித்தடத்துக்கு 2 × (75 + 15) = 180 கிலோஹெர்ட்ஸ் இடம் பிடிக்கும். விமானப் பேச்சு இன்னும் பழைய ஏஎம்மிலேயே நடப்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. எஃப்எம்மில் வலுவான சிக்னல் பலவீனமானதை முழுக்க விழுங்கிவிடும். ஏஎம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சொலியாவது கேட்டு, இன்னொருவரும் பேசுகிறார் என்று கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரியும்.

செய்முறை 1: 433 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஆண்டெனா

தேவை: 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புக் கம்பி சுமார் 1 மீட்டர், நான்கு மூலையில் துளையுள்ள சதுர என் வகை சேஸி கனெக்டர் ஒன்று, சாலிடர், ஆண்டெனா எந்த அதிர்வெண்ணில் பொருந்துகிறது என்று காட்டும் நானோவிஎன்ஏ போன்ற அளவி.

நடுக்கம்பியை 17 சென்டிமீட்டர் வெட்டி கனெக்டரின் நடு ஊசியில் பற்றவையுங்கள். கணக்கில் வரும் 17.3-ஐவிட முடிவான நீளம் 5 விழுக்காடு குறைந்து 16.4-க்கு அருகில் நிற்கும்; கொஞ்சம் மிச்சம் வைத்தே தொடங்க வேண்டும். 18 சென்டிமீட்டரில் நான்கு கம்பிகளை நான்கு துளைகளில் பற்றவைத்து, 45 பாகை கீழ்நோக்கி வளையுங்கள். கிடைமட்டமாக விட்டால் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு ஆண்டெனா காட்டும் எதிர்ப்பு) கேபிளின் 50 ஓமைவிட வெகுவாகக் குறைந்து நிற்கும். வளைத்தால் 50-ஐ நெருங்கும். இந்த வளைப்பு அழகுக்கு அல்ல.

அளவியை 400 முதல் 470 மெகாஹெர்ட்ஸுக்கு வைத்து, ஆண்டெனா சேரும் கேபிள் முனையிலேயே திறந்த முனை, குறுக்கு முனை, 50 ஓம் மூன்றையும் போட்டு அளவுத்திருத்தம் செய்யுங்கள். அளவியின் முகப்பில் செய்துவிட்டு அப்புறம் கேபிளை மாட்டினால் காண்பது ஆண்டெனாவை அல்ல, கேபிளையும் சேர்த்து. எஸ்டபிள்யூஆர் (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) குறையும் இடம் 434-க்குக் கீழே இருந்தால் கம்பியின் நீளம் அதிகம். 1 மில்லிமீட்டர் வெட்டினால் சுமார் 2.6 மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும். ஒரு முறைக்கு அதற்குமேல் வெட்டாதீர்கள். கையை விலக்கிவிட்டு எண்ணைப் படியுங்கள். உடல் அருகில் இருந்தாலே அளவு ஆடும்.

1.5-க்குக் கீழே வந்ததும் நிறுத்தலாம். எஸ்டபிள்யூஆர் 2 என்றாலும் திரும்பி வருவது 11 விழுக்காடுதான், அரை டெசிபெல். 1.1 வேண்டும் என்று மாலை முழுவதும் கம்பியை நறுக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை. இதில் ஒரு பொறியும் உண்டு: 10 டெசிபெல் இழப்புள்ள கேபிளின் மறுமுனையில் ஆண்டெனாவே இல்லாவிட்டாலும் அளவி 1.2 என்று அழகாகக் காட்டும். அனுப்பியது போகும்போது 10, வரும்போது 10 கரைந்து, எதிரொலியே வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறது.

கேபிளும் சாதாரண விஷயமல்ல. ஆர்ஜி-58 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் தின்னும்; 10 மீட்டர் இழுத்தால் பத்தில் ஒன்பது பங்கு சக்தி கேபிளைச் சூடாக்கவே போகிறது. எல்எம்ஆர்-400 அதே தொலைவுக்குச் சுமார் 2.2 டெசிபெல். டிவிக்கான 75 ஓம் கேபிளைப் பயன்படுத்தினால் பொருத்தமின்மையால் வரும் இழப்பு மிகச் சிறிது. இழப்பு குறைந்த நல்ல 75 ஓம் கேபிள், மெல்லிய 50 ஓம் கேபிளை எளிதில் வெல்லும்.

செய்முறை 2: சிக்னலைத் திரையில் பார்ப்பது

ஆர்டிஎல் எஸ்டிஆர் என்ற, கணினியில் செருகி மென்பொருளால் இயக்கும் யுஎஸ்பி ரிசீவர் சுமார் 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். எஸ்டிஆர்ஷார்ப், எஸ்டிஆர் பிளஸ்பிளஸ், ஜிக்யூஆர்எக்ஸ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை நிறுவி, மாதிரி வேகத்தை 2.4 மெகாவுக்கு வையுங்கள். அதைத் தாண்டினால் மாதிரிகள் உதிரத் தொடங்கும். தானியங்கி ஈட்டத்தை அணைத்துவிட்டு, தெரிந்த எஃப்எம் நிலையத்துக்குத் திருப்புங்கள். முகடு சரியான எண்ணில் நிற்காமல் தள்ளி நின்றால் படிகத்தின் பிழை. 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிழை 100 மெகாஹெர்ட்ஸில் 5 கிலோஹெர்ட்ஸ், 1090-இல் 54 கிலோஹெர்ட்ஸ். திருத்த எண்ணை மென்பொருளில் போடலாம், ஆனால் சாதனம் சூடேற 15 நிமிடம் விட்டபின் போடுங்கள்.

ஈட்டத்தைச் சுழியத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். முதலில் சிக்னல் மட்டும் உயரும். சிக்னலும் இரைச்சல் தளமும் சேர்ந்தே ஏறத் தொடங்கியதும் ஒரு படி இறங்கி நில்லுங்கள். அதற்குமேல் ஏற்றினால் இல்லாத இடங்களில் பேய் நிலையங்கள் முளைக்கும். உண்மையா பேயா என்று கண்டுபிடிக்க, ஆண்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவில் சிக்னலைக் குறைக்கும் 3 டெசிபெல் அட்டென்யுவேட்டர் ஒன்றைச் செருகுங்கள். உண்மைச் சிக்னல் 3 டெசிபெல் விழும். வலுவான சிக்னல்கள் ரிசீவருக்குள்ளேயே கலந்து (மூன்றாம் படிக் கலப்பு) பிறந்த போலி 9 டெசிபெல் விழும்.

அடுத்த பயிற்சி விமானங்கள் தங்கள் இடத்தைத் தாமே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி, 1090 மெகாஹெர்ட்ஸ். கால் அலை 6.9 சென்டிமீட்டர்தான். செங்குத்தாக, சன்னலுக்கு வெளியே வையுங்கள்; டம்ப்1090 மென்பொருள் 120 மைக்ரோவினாடி நீளமுள்ள செய்திகளைப் பிரித்து இடமும் உயரமும் காட்டும். ஆண்டெனாவைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பார்த்தால் விமானங்களின் எண்ணிக்கை சரியும். முனைவாக்கம் (அலை செங்குத்தாக அசைகிறதா கிடைமட்டமாகவா என்பது) பொருந்தாவிட்டால் நடைமுறையில் 20 டெசிபெல் வரை போகலாம் என்பதைப் படிப்பதைவிட இப்படிப் பார்ப்பது மனதில் நிற்கும்.

செய்முறை 3: தரவு இணைப்பு

எஸ்எக்ஸ்1278 லோரா மாட்யூல் இரண்டை எடுத்துக்கொள்வோம். இவை 3.3 வோல்ட் சாதனங்கள். 5 வோல்ட் கட்டுப்படுத்தியின் ஊசிகளை நேரே இணைத்தால் கெட்டுவிடும், நடுவில் மட்ட மாற்றி தேவை. 20 டிபிஎம்மில் அனுப்பும்போது ஏறக்குறைய 120 மில்லியாம்பியர் இழுக்கும். பல கட்டுப்படுத்திப் பலகைகளின் 3.3 வோல்ட் ஊசி அவ்வளவு தராது. தனி ரெகுலேட்டர் வையுங்கள். மாட்யூலின் ஊசிகளை ஒட்டியே 10 மைக்ரோஃபாரடும் 100 நானோஃபாரடும் போடுங்கள். பெறும்போது எல்லாம் சரி, அனுப்பும் கணத்தில் மட்டும் தொங்கிப்போகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், சப்ளை சரிகிறது.

ஆண்டெனாவை மாட்டிவிட்டுத்தான் மின்சாரம். வெறும் முனையில் அனுப்பினால் சக்தி திரும்பி வந்து வெளியீட்டு டிரான்சிஸ்டரைச் சுடும்.

இப்போது முக்கியமான சோதனை. அநேகர் தவிர்த்துவிடுவதும் இதைத்தான். சக்தியை 2 டிபிஎம்முக்கு இறக்கி, இரண்டையும் திறந்த இடத்தில் 3 மீட்டர் தள்ளி வையுங்கள். சூத்திரப்படி இழப்பு 35 டெசிபெல், ஆகவே ரிசீவர் −33 டிபிஎம் அளவில் காட்ட வேண்டும். −30 முதல் −45 வரை வந்தால் நலம். −70 என்று காட்டினால் செய்தி வந்து சேர்ந்தாலும் ஏமாறாதீர்கள்: சாலிடர் விட்டிருக்கிறது, அல்லது 868-க்கான மாட்யூலையோ ஆண்டெனாவையோ 433-இல் ஓட்டுகிறீர்கள். இங்கே கண்டுபிடிக்காத 37 டெசிபெல், தரையை ஒட்டிய களத்தில் எட்டு மடங்குக்கு மேல் தொலைவைத் தின்னும். மாட்யூல்களை ஒட்டி வைத்து முழுச் சக்தியில் சோதிப்பதும் தப்பு. ரிசீவர் திணறிப் பிழைகளைக் காட்டும், பழி நிரல்மேல் விழும்.

பிறகு 125 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் பரவல் எண் (லோரா சிக்னலை எவ்வளவு பரப்புவது என்ற அமைப்பு) 7-இல் தொடங்குங்கள். வேகம் நொடிக்குச் சுமார் 5.5 கிலோபிட். எண் ஒவ்வொன்று ஏறும்போதும் உணர்திறன் ஏறத்தாழ 2.5 டெசிபெல் கூடும், காற்றில் இருக்கும் நேரம் கிட்டத்தட்ட இரட்டிக்கும். எண் 12-இல் நொடிக்கு 290 பிட்தான். எட்டவில்லை என்றதும் 12-க்குத் தாவுவதைவிட ஆண்டெனாவை உயர்த்திப் பாருங்கள். பரவல் எண், பட்டையகலம், ஒத்திசைவுச் சொல் மூன்றும் இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் மறுபக்கம் முழு மௌனம்.

விலை குறைந்த 433 வீச்சு முறை ரிசீவர் வாங்கியவர்களுக்கு ஒன்று: சிக்னல் இல்லாதபோது அதன் தரவு ஊசியில் குப்பை கொட்டிக்கொண்டே இருக்கும். அது பழுதல்ல, ஏதாவது கேட்கும்வரை தானியங்கி ஈட்டத்தை ஏற்றிக்கொண்டே போகிறது. உண்மையான செய்திக்கு முன்னால் மாறி மாறி 1, 0 என்று ஒரு முன்னொலி அனுப்பி ஈட்டத்தை நிலைப்படுத்துங்கள், ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் நிலை மாறும் மான்செஸ்டர் குறியீட்டைப் பயன்படுத்துங்கள். மாட்யூலின் தரைப்பரப்பு மிகச் சிறிதாக இருப்பதால், ஆண்டெனா துளையில் 17.3 சென்டிமீட்டர் கம்பி ஒன்றும், தரை ஊசியிலிருந்து எதிர்த்திசையில் அதே நீளத்தில் இன்னொன்றும் போடுங்கள். அது டைபோலாகிவிடும்; பெட்டியில் வரும் சுருள் ஆண்டெனாவோடு ஒப்பிடவே முடியாது.

ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனால்

எஸ்டிஆர் திரையை அருகில் வைத்து முதலில் டிரான்ஸ்மிட்டர் அனுப்புகிறதா, சரியான எண்ணில்தானா என்று பாருங்கள். அனுப்புகிறது, ஆனால் ரிசீவர் பக்கம் இரைச்சல் தளம் உயர்ந்திருக்கிறது என்றால் புதிதாக மாட்டிய மலிவு எல்இடி விளக்கு, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் யுஎஸ்பி 3 வன்வட்டும் அதன் கேபிளும் பெயர் பெற்ற குற்றவாளிகள். வயர்லெஸ் டாங்கிளை ஒரு நீட்டிப்புக் கேபிளில் அரை மீட்டர் தள்ளினாலே தீரும்.

மழைக்குப் பின் மட்டும் பலவீனம் என்றால் கேபிளில் நீர். கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்னலிட்ட செம்பு கறுத்திருந்தால் அந்தத் துண்டைக் காயவைத்துப் பயனில்லை, கறுப்பு தீரும் இடம் வரை வெட்டிப் புதுக் கனெக்டர் போடுங்கள். வெளியிலிருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் கீழிருந்து மேலாக, பாதிப் பாதி மேல்படியச் சுற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் பிவிசி டேப் ஒரு சுற்று கொடுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு வளைவைத் தொங்கவிடுங்கள். நீர் அங்கேயே சொட்டிவிடும்.